சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சாதுவான நாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாய் வளர்க்க நினைக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது, "பிள்ளைகளோடு ஒத்துப்போகும் இனம் எது?" என்றுதான். இரண்டு மூன்று இனங்களைச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த வாரமே குட்டி வீட்டுக்கு வந்துவிடும். சில மாதம் கழித்து அதே குடும்பம், "சாதுவான இனம் என்றார்களே, பிள்ளையின் கையைக் கவ்வுகிறதே" என்று வந்து நிற்கும். பெரும்பாலும் இனத்தில் கோளாறு இருக்காது. பிறகு பார்க்க வேண்டியதை முதலில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் சில நாய்கள் கழிந்துபோகும். குட்டியின் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் கணக்குப் பார்க்க மனம் வராது. ஆகவே கணக்கெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. பிள்ளையின் வயதிலிருந்து தொடங்குங்கள்

தவழும் பருவம் முதல் ஏறக்குறைய ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளோடு வாழ்வதுதான் நாய்க்கு மிகக் கடினம். திடீரென்று அலறுவார்கள், ஓடுவார்கள், தடுமாறி நாயின்மேல் விழுவார்கள், காதையோ வாலையோ பிடித்தால் விடமாட்டார்கள். நாய் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் எழுந்து விலகிப் போவதும் "என்னை விட்டுவிடு" என்று சொல்வதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

சிறு பிள்ளைகளைக் கடிப்பது பல நேரங்களில் அவர்களோடு நன்றாகப் பழகிய நாய்தான். காயம் முகத்திலும் தலையிலும் படுவது அதிகம், ஏனென்றால் அவர்களுடைய முகம் நாயின் வாய் உயரத்துக்கே இருக்கிறது. சாதுவான நாயைத் தேடுவதன் முழு நோக்கமும் இந்த ஆபத்தைக் குறைப்பதுதான்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் மூன்று வயது நிரம்பாத பிள்ளை இருக்கும்போது ஓரிரண்டு ஆண்டு பொறுப்பது நல்லது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு விதிகளைச் சொன்னால் புரியும், ஓரளவு நினைவிலும் நிற்கும். பொறுக்க முடியாது என்பவர்கள் மூன்றாம் படியில் வளர்ந்த நாயையே தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு குழந்தைக்குத் திட்டம் இருந்தால் அதையும் இப்போதே கணக்கில் சேருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றதென்று வாங்கிய துள்ளலான நாய், அடுத்த ஆண்டு பிறக்கும் குழந்தைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2. யார் பார்த்துக்கொள்வது என்று தாளில் எழுதுங்கள்

காலை நடை, மாலை நடை, உணவு, கழிவைச் சுத்தம் செய்தல், முடி வாருதல், மருத்துவரிடம் அழைத்துப் போதல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெரியவரின் பெயரை எழுதுங்கள். பிள்ளையின் பெயரை உதவியாளராக மட்டும் எழுதலாம். "நான்தான் தினமும் பார்த்துக்கொள்வேன்" என்று பிள்ளை சத்தியம் செய்யும். அது பொய் சொல்வதில்லை, பிள்ளைகளால் அவ்வளவுதான் முடியும். நாய் பத்து ஆண்டுக்கும் மேல் வாழும். இன்று ஏழு வயதாக இருப்பவர் அதற்குள் கல்லூரிக்குப் போயிருப்பார்.

குட்டி எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் சிறுநீரை அடக்கும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டி வந்தால் இரவிலும் எழ வேண்டும். கைக்குழந்தைக்காக ஏற்கெனவே இரவில் விழிப்பவரின் பெயரே இந்த வரிசைக்கு எதிரிலும் வருகிறதென்றால், தேடலை இங்கேயே நிறுத்தி வைக்கலாம்.

ஒவ்வாமையையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். ஒவ்வாமை தராத இனம் என்று முழு உறுதியோடு எதையும் சொல்ல முடியாது. காரணமாவது நாயின் எச்சிலிலும் தோல் செதில்களிலும் உள்ள புரதங்கள். முடி அவற்றைச் சுமந்து பரப்புகிறது. முடி குறைவாகக் கொட்டும் நாய்க்கும் எச்சில் இருக்கிறது, தோலும் உதிர்கிறது. ஆகவே பிள்ளையை நாய் உள்ள வீட்டுக்குச் சில நாள்கள் தொடர்ந்து அழைத்துப் போய், ஒவ்வொரு முறையும் ஓரிரு மணி நேரம் இருக்க விடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையென்றால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். நாய் வந்து, பிள்ளை அதனிடம் ஒட்டிக்கொண்ட பிறகு தும்மல் தொடங்கினால் இருவரையும் பிரிக்க வேண்டி வரும்.

3. குட்டியா, வளர்ந்த நாயா என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் இதை ஒரு முடிவாகவே நினைப்பதில்லை. நாய் என்றால் குட்டி என்றே மனத்தில் பதிந்திருக்கிறது. "பிள்ளையும் குட்டியும் சேர்ந்து வளரட்டும்" என்பது கேட்க இனிமையாக இருக்கும். நடப்பதைச் சொல்கிறேன்.

குட்டிக்குப் பால் பற்கள் ஊசி போலக் கூர்மையானவை. அவை விழுந்து நிலையான பற்கள் முளைக்கும் காலம் ஏறக்குறைய நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை. கை, கால், கால்சட்டை விளிம்பு, பொம்மை என அசைவதையெல்லாம் அது கவ்வும். பிள்ளை கத்திக்கொண்டு ஓடும். குட்டிக்கு அதைவிட நல்ல விளையாட்டு கிடைக்காது, துரத்திப் போய் மறுபடி கவ்வும். இரண்டு பேர் மீதும் குற்றமில்லை. ஆனால் இதே காட்சி நாளுக்குப் பலமுறை நடந்தால் பிள்ளைக்கு நாய் என்றால் பயம் வந்துவிடும், குட்டிக்கோ பிள்ளையைத் துரத்துவது வழக்கமாகிவிடும். பற்கள் முளைத்து முடிந்தால் விடலைப் பருவம்: சொல் பேச்சுக் கேளாமல், உடல் மட்டும் பெரிதாகி ஓராண்டு ஓடும்.

இரண்டு வயது கடந்த நாயின் குணம் பெரும்பாலும் வெளிப்பட்டிருக்கும். எவ்வளவு வளரும், எவ்வளவு குரைக்கும், பிள்ளைகளைக் கண்டால் என்ன செய்யும் என்பதையெல்லாம் ஊகிக்க வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் ஏற்கெனவே வாழ்ந்த, இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள நாய் கிடைத்தால் நான் அதற்குத்தான் வாக்களிப்பேன்.

குட்டியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை நாய்க்கு உலகம் பழகும் காலம். அப்போது நல்லபடியாகப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், ஓசைகள், மனிதர்கள் எல்லாம் பிறகும் அதற்குப் பயம் தராது. ஆனால் அந்தக் காலத்தில் பாதி, குட்டி உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால்தான் பிறந்த இடத்துக்கு ஐந்தாம் படியில் இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று ஒரே நேரத்தில் இரண்டு குட்டிகளை வாங்காதீர்கள். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், உங்களைப் பார்க்காது. பயிற்சி கொடுப்பது இரு மடங்குக்கும் மேல் கடினம்.

4. இப்போது இனத்தைப் பாருங்கள்

இனம் சில விஷயங்களை நன்றாகவே சொல்லும்: எவ்வளவு பெரிதாகும், முடி எவ்வளவு கொட்டும், எவ்வளவு ஓட வேண்டும், எந்த நோய் பரம்பரையாக வரலாம். குணத்தைப் பற்றி அது சொல்வது குறைவு. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களை வைத்து 2022-ல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு, நாய்களின் நடத்தையில் தெரியும் வேறுபாடுகளில் ஏறக்குறைய 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிகிறது என்றது. ஒரே இனத்து இரண்டு நாய்களுக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. ஆகவே இனத்தை வைத்துப் பொருந்தாதவற்றைக் கழியுங்கள். மிஞ்சியவை சாதுவாக இருக்கும் என்று அதை வைத்தே முடிவு கட்டாதீர்கள்.

லேப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதலில் சொல்லப்படுபவை. காரணம் இருக்கிறது: மனிதரோடு சேர்ந்து வேலை செய்யவும், வேட்டையில் விழுந்த பறவையைச் சேதமில்லாமல் வாயில் கவ்வி வரவும் வளர்க்கப்பட்டவை. பொதுவாக யாரையும் நட்பாக ஏற்பவை. ஆனால் 25 முதல் 35 கிலோ வரை எடையுள்ள இளம் லேப்ரடார் அன்போடு ஓடி வந்தாலும் மூன்று வயதுப் பிள்ளை கீழே விழும். முதல் இரண்டு ஆண்டு இந்தத் துள்ளல் குறையாது. இரண்டுக்கும் முடி நிறையக் கொட்டும், இடுப்பு மூட்டுக் கோளாறு வரலாம். லேப்ரடார் எளிதில் பருத்தும் போகும்.

பீகிள் அளவில் வசதியானது, ஏறக்குறைய பத்து கிலோ. கூட்டமாக வேட்டையாட வளர்க்கப்பட்டதால் துணையை விரும்பும். மூக்கு ஒரு வாசனையைப் பிடித்துவிட்டால் உங்கள் குரல் காதில் விழாது. ஊளையிடும். உணவின் மேல் அதற்குத் தீராத ஆசை. பிள்ளையின் கையில் உள்ள தின்பண்டத்தைப் பறிக்கப் பார்க்கும் என்பதை எதிர்பார்த்தே வாங்குங்கள்.

கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் சிறிய நாய்களில் மென்மையானது. பெரிய வேதனை அதன் இதயம். இதய வால்வு நோய் இந்த இனத்தில் மிகப் பரவலாக வருகிறது, இள வயதிலேயே தொடங்குவதும் உண்டு. பெற்றோர் நாய்களின் இதயப் பரிசோதனை அறிக்கையைக் கேட்காமல் வாங்க வேண்டாம். பக் நாயும் நல்ல குணம்தான், ஆனால் தட்டை முகத்தால் மூச்சு விடவே சிரமப்படும், வெப்பத்தைத் தாங்காது. ஓடியாடும் பிள்ளைகளுக்கு அது ஈடுகொடுக்க முடியாது.

பூடில் கூர்மையான அறிவுள்ளது, முடி குறைவாகவே உதிரும். ஆனால் அந்த முடி வளர்ந்துகொண்டே இருக்கும், சில வாரங்களுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், இடையில் சிக்கெடுக்க வேண்டும். நேரம் இருப்பவர்களுக்கு நல்ல தேர்வு. மூன்று அளவுகளில் கிடைக்கும், மிகச் சிறியதைச் சிறு பிள்ளைகளுக்குத் தவிர்க்கலாம்.

இனி, புதியவர்கள் தடுக்கி விழும் மூன்று இடங்கள். முதலாவது, சிறிய நாய் என்றால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம். மூன்று கிலோகூட இல்லாத சிவாவாவைப் பிள்ளை தூக்கி நழுவ விட்டால் எலும்பு முறியும். ஒருமுறை வலித்த நாய் அடுத்த முறை கை நீளும்போதே பல்லைக் காட்டும். டாக்ஸ்ஹண்டின் நீண்ட முதுகும் தவறாகத் தூக்கினால் பாதிக்கப்படும். இரண்டாவது, அறிவுள்ள நாய் வேண்டும் என்று பார்டர் கோலி போன்ற மேய்ப்பு இனங்களை எடுப்பது. ஆட்டு மந்தையை மடக்கும் அதே உந்துதலில், ஓடும் பிள்ளைகளைச் சுற்றி வளைத்துக் குதிகாலைக் கவ்வும். மூன்றாவது, காவலுக்கும் ஆகும் என்று காவல் இனத்தை வாங்குவது. உங்கள் பிள்ளையிடம் அது பணிவாகவே இருக்கலாம். உங்கள் பிள்ளையோடு கட்டிப் புரண்டு விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அது எப்படிப் பார்க்கும் என்பதுதான் கேள்வி.

கலப்பின நாய்களை ஒதுக்காதீர்கள். வளர்ந்த கலப்பின நாயை நேரில் பார்த்து எடுப்பது, முகம் தெரியாத உயர் இனக் குட்டியை முன்பதிவு செய்வதைவிட நிச்சயமானது.

5. நாய் பிறந்த இடத்தை, வளர்ந்த இடத்தைக் கேளுங்கள்

குட்டி என்றால் தாயைப் பார்க்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தாய் அந்நியரைக் கண்டு ஒடுங்கினாலோ சீறினாலோ குட்டிகளிலும் அந்தச் சாயல் இருக்கலாம்; பயம் பரம்பரையாகவும் வரும், தாயைப் பார்த்தும் பழகும். "தாய் இங்கே இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது" என்ற பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்கக் கூடாது. உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போது ஒன்று வலியில் கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும். எவ்வளவு அழுத்திக் கவ்வினால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்வது அங்கேதான். முன்கூட்டியே பிரித்துவிட்டால் அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும்.

குட்டிகள் வீட்டுக்குள் மனிதர் நடமாட்டத்துக்கு நடுவே வளர்ந்தனவா, பின்கட்டுக் கூண்டிலா என்று பாருங்கள். தடுப்பூசி அட்டையையும் குடற்புழு மருந்து கொடுத்த தேதிகளையும் கேளுங்கள். குட்டிகளின் உருண்டைப்புழு பிள்ளைகளுக்கும் தொற்றும் என்பதால் இது வெறும் சம்பிரதாயம் ஆகாது.

காப்பகத்திலிருந்தோ வேறு குடும்பத்திலிருந்தோ வளர்ந்த நாயை எடுப்பவர்கள், "பிள்ளைகளோடு பழகுமா?" என்று கேட்கிறார்கள். பழகும் என்ற பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். சாப்பிடும்போது பிள்ளை அருகே போனால் என்ன செய்தது? தூங்கும்போது யாராவது தொட்டு எழுப்பியிருக்கிறார்களா, அப்போது என்ன நடந்தது? வாயிலிருந்து பொம்மையைப் பிடுங்கினால்? ஏன் கொடுத்துவிடுகிறார்கள்? நடந்ததைச் சொல்லச் சொன்னால் உண்மை வெளியே வரும்.

6. நேரில் மூன்று முறை பாருங்கள்

முதல் முறை பிள்ளைகள் வேண்டாம். பிள்ளை ஆசைப்பட்டுவிட்டால் உங்களால் மறுக்க முடியாது.

தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள், கூப்பிடாதீர்கள். நாய் தானாக வருகிறதா பாருங்கள். வந்தால் மார்புப் பக்கம் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி வந்து ஒட்டினால் அதற்குத் தொடுதல் பிடித்திருக்கிறது. அப்படியே நின்றாலோ விலகினாலோ அது பொறுத்துக்கொண்டது, அவ்வளவே. பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பொறுத்துக்கொள்ளும் நாய் போதாது, விரும்பி வரும் நாய் வேண்டும்.

பிறகு சாவிக்கொத்தைச் சற்றுத் தள்ளித் தரையில் போடுங்கள். திடுக்கிடுவது இயல்பு. சில விநாடிகளில் மீண்டு வந்து சாவியை முகர்ந்து பார்த்தால் நல்ல அறிகுறி. மூலைக்குப் போய் வெளியே வராவிட்டால், கத்தலும் விழுதலுமாக இருக்கும் வீடு அதற்கு வேதனைதான்.

இரண்டாம் முறை, நாய் சாப்பிடும் நேரத்தில் போய்ச் சில அடி தள்ளி நடந்து பாருங்கள். வாலை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டால் சரி. உடல் விறைத்து, தலை தட்டுக்குள் தாழ்ந்து, விழுங்கும் வேகம் கூடினால் அது உணவைக் காக்கிறது. மேலும் நெருங்கிப் பார்க்க வேண்டாம், பார்த்ததே போதும்.

மூன்றாம் முறை பிள்ளைகளோடு. இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். பிள்ளை நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், நாய் அசையாமல் உட்கார்ந்திருக்கும், எல்லாரும் புகைப்படம் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாய் இறுக மூடியிருக்கும். முகம் பிள்ளைக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரியும். காதுகள் பின்னுக்குப் போயிருக்கும். சற்று முன்பு உதட்டை நக்கியிருக்கும், தூக்கமே வராமல் கொட்டாவி விட்டிருக்கும். அது சாதுவாக உட்கார்ந்திருக்கவில்லை. எப்போது விடுவார்கள் என்று காத்திருக்கிறது. வால் ஆடுவதை மட்டும் நம்ப வேண்டாம். விறைத்த உடலோடு உயர்ந்து ஆடும் வால் நட்பைக் காட்டுவதில்லை. உடல் முழுவதும் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து ஆடுவதைத் தேடுங்கள்.

உடன்பிறந்த குட்டிகளுக்குள் தேர்ந்தெடுக்கும்போது, எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஓடி வந்து கையைக் கவ்வும் குட்டியையும், மூலையில் ஒடுங்கி நிற்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இன்னொன்றையும் எடுக்க மனம் இழுக்கும். இடைப்பட்டதை எடுங்கள். குட்டி வயதில் செய்யும் சோதனைகள் வளர்ந்த பின் வரும் குணத்தை நம்பகமாகச் சொல்வதில்லை என்பதால், இதில் பெரிய நுட்பம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

7. நாய் வருவதற்கு முன்பே வீட்டைப் பிரியுங்கள்

நாய்க்கென்று ஓர் இடம் வேண்டும், அங்கே பிள்ளை போகக் கூடாது. குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு இதற்குச் சரியாக இருக்கும். குட்டி நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். தூக்கம் கெட்ட குட்டி அதிகமாகக் கடிக்கும். உணவுத் தட்டும் அந்த இடத்திலேயே இருக்கட்டும்.

சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய்கள் நாய்க்கு நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் இவை தரையில் விழுவது அன்றாட நிகழ்ச்சி. பிள்ளை சாப்பிடும் நேரத்தில் நாய் கதவுக்கு அப்பால் இருப்பது எளிய வழி.

விதிகளைப் பொம்மை நாயை வைத்து முன்கூட்டியே பழக்குங்கள்: தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடாதே, கட்டிப் பிடிக்காதே, மேலே ஏறாதே, துரத்தினால் ஓடாமல் மரம் போல நில். நாய் வந்த நாளில் உற்சாகத்தில் எந்தப் பிள்ளையும் எதையும் கேட்காது.

8. முதல் மாதம்

கண்காணிப்பு என்றால் கை எட்டும் தூரம். அதே அறையில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பது கண்காணிப்பில் சேராது. எழுந்து போக வேண்டுமென்றால் நாயையாவது பிள்ளையையாவது உடன் அழைத்துப் போங்கள்.

உறுமினால் தண்டிக்காதீர்கள். இது பலருக்கு ஒப்பாது, பிள்ளையிடம் உறுமும் நாயைத் தட்டி வைக்க வேண்டும் என்றே தோன்றும். உறுமல் கடிக்கு முன் வரும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் எச்சரிக்கை மட்டும்தான் நிற்கும், எரிச்சல் உள்ளேயே இருக்கும், அடுத்த முறை நேராகக் கடிக்கும். பிள்ளையை விலக்குங்கள், எதற்காக உறுமியது என்று குறித்து வையுங்கள். அது திரும்ப நடந்தால், தண்டனையின்றிப் பயிற்சி தரும் பயிற்சியாளரை அப்போதே அழையுங்கள். சாதுவாக இருந்த நாய் திடீரென்று சிடுசிடுத்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, பல் வலி, மூட்டு வலி இப்படித்தான் வெளிப்படும்.

பல் பட்டுத் தோல் கீறினால், அது வீட்டு நாயே ஆனாலும், ஓடும் நீரில் சோப்பு போட்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. தடுப்பூசியை உரிய நேரத்தில் போட்டுக்கொண்டால் வராமல் தடுத்துவிடலாம். நாயின் தடுப்பூசி அட்டையையும் உடன் எடுத்துப் போங்கள்.

ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதை வாங்கும் அன்றே கொடுப்பவரிடம் எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். நல்ல காப்பகமும் பொறுப்புள்ள வளர்ப்பாளரும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.